அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் கறுப்பினப் பணியாளர்: எங்கள் நிலைப்பாடு

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்களாகவும் ஆய்வாளர்களாகவும் அலுவலர்களாகவும் வேலை பார்க்கும் தமிழர்களின் அமைப்பு எங்களுடையது. கறுப்பினப் பணியாளர்கள் கூடிப் பேசவும் ஒருவருக்கொருவர் துணை நிற்கவும் பல்கலைக்கழகம் இடமும் பணமும் வேலைநேரமும் ஒதுக்க வேண்டுமா என்ற கேள்வி இப்போது பல வளாகங்களில் எழுந்திருக்கிறது. ஒதுக்க வேண்டும் என்கிறோம். ஊதியம், விடுப்பு, மருத்துவக் காப்பீடு போல இதுவும் பணிநிலைமையில் அடங்கியது. ஆகவே இதன் செலவு நிர்வாகத்தைச் சேர்ந்தது. கறுப்பின வரலாற்று மாதமான பிப்ரவரியில் ஒரு விருந்தும் ஒரு சொற்பொழிவும் நடத்திவிட்டு மீதிப் பதினோரு மாதம் மறந்துபோகும் வழக்கத்தை ஆதரவுக் கணக்கில் சேர்க்க எங்களுக்கு மனம் வரவில்லை.

செலவு யாருடையது என்பதுதான் இந்த விவகாரத்தின் பழைய முடிச்சு. 1942இல் சிகாகோ பல்கலைக்கழகம் மானுடவியலாளர் அலிசன் டேவிஸை ஆசிரியராக எடுத்துக்கொண்டது. வெள்ளையர் நடத்திய பெரிய பல்கலைக்கழகங்களில் முழுநேர ஆசிரியப் பணி பெற்ற முதல் கறுப்பினத்தவர்களில் அவர் ஒருவர். ஆனால் தொடக்க ஆண்டுகளில் அவர் சம்பளத்துக்கான பணம் ரோசன்வால்ட் நிதியம் என்ற வெளி அறக்கட்டளையிலிருந்து வந்தது. இன்று சம்பளத்தைப் பல்கலைக்கழகமே கொடுக்கிறது. மற்றப் பாரத்தைக் கறுப்பினப் பணியாளர்களே சுமக்கிறார்கள். முழுநேர ஆசிரியர்களில் அவர்கள் ஏறத்தாழ 7 விழுக்காடு. முழுப் பேராசிரியர் நிலையில் அது 4 விழுக்காட்டை ஒட்டி நிற்கிறது. நாட்டின் மக்கள்தொகையிலோ 13 விழுக்காட்டுக்கும் மேல். துறையில் ஒற்றை ஆளாக இருப்பவரைத்தான் எல்லாத் தேர்வுக் குழுவிலும் உட்கார வைக்கிறார்கள். மனம் உடைந்த மாணவர் தேடி வருவதும் அவரிடம்தான். உளவியலாளர் அமாடோ படில்லா 1994லேயே இந்தச் சுமையைப் ‘பண்பாட்டு வரி’ என்று குறிப்பிட்டு எழுதினார். பதவி உயர்வுக் கோப்பைத் திறக்கும்போது இந்த உழைப்பு எந்தப் பக்கத்திலும் பதிவாகியிருக்காது.

ஆசிரியர்களோடு பேச்சை முடித்துக்கொள்வதும் தவறு. ஒரு பல்கலைக்கழகத்தை நாள்தோறும் இயக்குவது சமையற்கூடமும் துப்புரவும் விடுதியும் அலுவலக மேசையும்தான். தென் மாநிலங்களில் அந்த வேலைகளில் மிகப் பலர் கறுப்பினத்தவராகவே இருந்தார்கள். டியூக் பல்கலைக்கழகத்தின் துப்புரவுப் பணியாளர் ஆலிவர் ஹார்வி 1965இல் சக பணியாளர்களைத் திரட்டி ஒரு நலச் சங்கத்தைத் தொடங்கினார். அதுவே பிறகு தொழிற்சங்கமானது. 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள் தொடங்கி, வளாகத்தின் நடுவே நூற்றுக்கணக்கான மாணவர்கள் மௌனமாக அமர்ந்தபோது அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று அந்தப் பணியாளர்களுக்கு மணிக்கு 1.60 டாலர் ஊதியம். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடப் பணியாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். முன்னின்றவர்கள் மேரி ஸ்மித், எலிசபெத் புரூக்ஸ் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள். ஆளுநர் காவல்படையை அனுப்பினார். ஆனாலும் மார்ச் மாதம் மணி ஊதியம் 1.80 டாலராக உயர்ந்தது. மாநிலத்தின் மற்றக் கடைநிலைப் பணியாளர்களுக்கும் அந்த உயர்வு கிடைத்தது.

கறுப்பினத்தவர் தனியே கூடினால் பணியாளர் ஒற்றுமை குலையும் என்பவர்களுக்குச் சாப்பல் ஹில்லே பதில். அங்கே கூடியவர்கள் சிலர், பயன் பெற்றவர்கள் பலர். சட்டம் இடம் கொடுக்காது என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. 2024 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த டெக்சஸ் சட்டம் அரசுப் பல்கலைக்கழகங்களின் பன்முகத்தன்மை அலுவலகங்களை மூட வைத்தது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகம் அந்த ஏப்ரலில் பத்துக்கணக்கானோரை வேலையைவிட்டு அனுப்பியது. அரசு ஒப்பந்ததாரர்கள் சம வாய்ப்புக்கு முனைந்து பாடுபட வேண்டும் என்று அன்றைய அதிபர் ஜான்சன் 1965இல் பிறப்பித்த ஆணையை அதிபர் டிரம்ப் 2025 ஜனவரி 21இல் ரத்து செய்தார். இவற்றை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனால் 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டம் அப்படியே நிற்கிறது. வேலையில் இனப் பாகுபாடு காட்டுவது இன்றும் சட்டவிரோதம்தான். சம வேலைவாய்ப்பு ஆணையம் 2025 மார்ச்சில் வெளியிட்ட விளக்கமும் உறுப்புரிமையை இனம் பார்த்து மூடும் குழுக்களைப் பற்றி எச்சரிக்கிறது. எனவே கதவு எல்லோருக்கும் திறந்திருக்கட்டும். பேசுபொருள் கறுப்பினப் பணியாளரின் வேலை வாழ்க்கையாக இருக்கட்டும். சட்டம் தடுக்காததையும் பயத்தால் தாமே தடுத்துக்கொள்ளும் நிர்வாகங்களை எங்களால் ஏற்க முடியாது.

தகுதி இருந்தால் துணை எதற்கு என்றும் கேட்கிறார்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு நிதியைப் பற்றி டானா கிந்தர் குழு 2011இல் ‘சயன்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைத்தான் அவர்களிடம் நீட்டுவோம். கல்வி, பயிற்சி, வெளியீடு, முன்பு பெற்ற விருதுகள் எல்லாவற்றையும் கணக்கில் கொண்ட பிறகும், நிதி கிடைக்கும் வாய்ப்பில் கறுப்பின விண்ணப்பதாரர்கள் வெள்ளையரைவிட 10 விழுக்காட்டுப் புள்ளிகள் பின்தங்கியிருந்தார்கள். விண்ணப்ப வரைவைப் படித்துத் திருத்தித் தரும் மூத்தவர், நிராகரிப்புக் கடிதத்தின் உள்ளர்த்தத்தைச் சொல்லித் தரும் சக ஊழியர் ஆகியோர் மற்றவர்களுக்குத் தேநீர் நேரத்திலேயே கிடைத்துவிடுகிறார்கள். துறையில் தனியாளாக இருப்பவருக்கு அந்தத் துணையை நிறுவனம்தான் ஏற்படுத்தித் தர வேண்டும்.

தமிழர்களுக்கு இதில் என்ன வேலை என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கறுப்பினத்தவரின் உரிமைப் போராட்டம் உண்டாக்கிய சூழலில் பிறந்தது. நம்மில் பெரும்பாலோர் அந்த வழியாக இங்கே வந்தவர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இலும் தம் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தபோது, அந்த விதிகள் ஏற்கெனவே கறுப்பினத்தவர் போராடிப் பெற்றவையாக இருந்தன.

ஆகவே எல்லாப் பல்கலைக்கழக நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம்: கறுப்பினப் பணியாளர் குழுக்களுக்கு ஆண்டு வரவு செலவில் தனி நிதி ஒதுக்குங்கள். கூட்டங்களுக்குச் செல்லும் நேரத்தை ஊதியத்தோடு கூடிய வேலைநேரமாகக் கணக்கிடுங்கள். மணிக்கணக்கில் சம்பளம் வாங்கும் சமையற்கூடப் பணியாளருக்கும் இது பொருந்த வேண்டும். குழுப் பணியையும் மாணவர் வழிகாட்டலையும் பதவி உயர்வுக் கோப்பில் சேருங்கள். எங்கள் உறுப்பினர்கள் இந்த மூன்றையும் அடுத்த பணி மதிப்பீட்டுக்கு முன் தத்தம் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேட்க வேண்டும். வரும் பதிலை அமைப்புக்கு அனுப்ப வேண்டும்.