பட்டியலில் இல்லாத கேள்வி

பட்டியலின் அருமை தமிழ் படித்தவர்களுக்குப் புதிதன்று. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களை வரிசைப்படுத்திச் சொல்கிறார். பத்துப்பாட்டைப் பதிப்பிக்க முனைந்த உ.வே.சாமிநாதையருக்கு முதலில் கிடைத்த ஏடுகளில் அப்பூக்களுள் சிலவற்றின் பெயர்கள் விடுபட்டிருந்தன. தருமபுரம் ஆதீனத்து ஏடு ஒன்றில் அவை கிடைத்தன. 1889-இல் நூல் வெளிவந்தது. ஓர் ஏட்டில் உள்ள வரி மற்றோர் ஏட்டில் இல்லை என்பதே அங்கு அவருக்கிருந்த இடர். பூவின் பெயர் விடுபட்டால் பாட்டு குறைபடும். கட்டட ஆய்வுப் பட்டியலில் ஒரு வரி விடுபட்டால் என்ன ஆகும் என்பதே நாம் இங்கு எழுப்ப விரும்பும் வினா.

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் ஆடிட் என்ற சொல்லை அறியாதவர் இல்லை. பையர் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டியல் உண்டு. அரசின் தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, தீயணைப்புத் துறைக்கு ஒன்று. இவை எக்செல் கோப்புகளாகவும் அச்சுத் தாள்களாகவும் கைமாறிக் கைமாறி வருகின்றன. சென்ற ஆண்டுத் தாளை நகலெடுத்துத் தேதியை மட்டும் மாற்றும் வழக்கமும் யாவரும் அறிந்ததே. இதற்கிடையில் சட்டமே மாறிவிட்டது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் இடத்துக்கு, 2020-இல் இயற்றப்பட்ட தொழில் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் வந்திருக்கிறது. பழைய பிரிவு எண்களைத் தாங்கிய வரிகள் எத்தனை தாள்களில் இன்னும் உறங்குகின்றனவோ!

இதற்கு மென்பொருள் உலகம் சொல்லும் மருந்து எளியது. மூலப் பட்டியல் ஓரிடத்தில் மட்டும் இருக்கட்டும். ஏ.பி.ஐ. எனப்படும் வாயில் வழியாக ஒவ்வோர் ஆய்வாளரின் கைப்பேசியும் அதை அங்கிருந்தே கேட்டுப் பெறட்டும். மூலத்தில் ஒரு வரியைத் திருத்தினால் அவிநாசியிலும் பல்லடத்திலும் உள்ள ஆய்வாளர் அன்றே புதிய வரியைக் காண்பார். ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பழைய இடர் தீர்ந்தது. இதை நாம் முழு மனத்துடன் வரவேற்கிறோம்.

ஆயினும் வரவேற்போடு சில நிபந்தனைகளும் வேண்டும். ஒரு வினாவின் சொற்களைத் திருத்திவிட்டு அதே எண்ணில் வைத்தால், பழைய வினாவுக்குச் சொன்ன 'ஆம்' புதிய வினாவுக்குச் சொன்னதுபோல் ஆகிவிடும். எவரும் பொய் சொல்லாமலேயே ஆவணம் பொய்யாகும். ஆகவே, பொருள் மாறிய வினா புது எண் பெற வேண்டும். பழையது அழியாமல் ஓய்வு பெற வேண்டும். எந்தப் பதிப்பின்படி ஆய்வு தொடங்கியதோ, அதன்படியே அது முடிய வேண்டும். பாடபேதங்களை அடிக்குறிப்பில் காட்டிய பதிப்பாசிரியர்களின் ஒழுக்கம்தான் இங்கும் தேவைப்படுகிறது.

இவையெல்லாம் செய்த பின்னும் மையமான சிக்கல் மிஞ்சுகிறது. 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியின் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலையில் தீப்பற்றி 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சன்னல்களில் கம்பி, வாயில்களில் பூட்டு. சில வாரங்களுக்கு முன்புதான் அதற்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் வழங்கப்பட்டிருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவை அடுத்த சாவாரில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அங்கிருந்த தொழிற்சாலைகளில் இரண்டு முன்னரே சமூகத் தணிக்கைக்கு உட்பட்டவை. கட்டடத்தின் உறுதி அந்தத் தணிக்கையின் வரம்பில் இல்லை. முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்து வங்கி மூடப்பட்டது; தையல் தொழிலாளரோ மறுநாள் உள்ளே அனுப்பப்பட்டனர். முதல் விபத்தில் பட்டியலின் விடை பொய்த்தது. இரண்டாவதில் வினாவே இல்லை. எவ்வளவு விரைவான வாயிலும், இல்லாத வினாவைக் கொண்டுவந்து தராது.

பின்னர் வங்கதேசத்தில் 2013 மே மாதம் உருவான அக்கார்டு ஒப்பந்தம் வினாக்களையே மாற்றியது. 1,600-க்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளைப் பொறியாளர்கள் ஆய்ந்தனர். எந்தத் தளம் எவ்வளவு பாரம் தாங்கும், வெளியேறும் வாயிலில் பூட்டு உண்டா என்று கேட்டனர். அறிக்கைகள் பொதுவில் வைக்கப்பட்டன. ஆபத்தான இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமையும், முறையிடும் வழியும் தொழிலாளிக்குக் கிடைத்தன.

நம் ஊருக்கு இது அயலான செய்தி அன்று. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க முடியாது. திருப்பூரில் வீடாகக் கட்டப்பட்டுப் பின்னர் பனியன் கம்பெனியான கட்டடங்கள் உண்டு. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்டுச் செக்கிங், பேக்கிங் நடத்துபவையும் உண்டு. துணி உருளைகளும் அட்டைப் பெட்டிகளும் எந்தத் தளத்தில் எவ்வளவு அடுக்கப்படுகின்றன என்பதை ஆண்டுக்கொரு முறை வரும் ஆய்வாளர் அறியார். அங்கே நாள்தோறும் நிற்கும் கட்டிங் மாஸ்டரும் கைமடிப் பெண்ணும் அறிவர். ஜாப்வொர்க் செய்யும் சிறு பட்டறைகளுக்கோ பையரின் பட்டியல் பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

ஆகவே நம் கருத்து இதுதான். மூலப் பட்டியலுக்கான வாயில் இருவழியாக இருக்க வேண்டும். மேலிருந்து வினா இறங்குவதுபோல், கீழிருந்தும் வினா ஏற வேண்டும். அது தமிழிலும், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோரின் மொழிகளிலும் இருக்க வேண்டும். சொன்னவர் யார் என்பது மறைக்கப்பட வேண்டும். ஒவ்வொரு வினாவோடும் அது எந்த விபத்துக்குப் பின் சேர்க்கப்பட்டது என்ற ஒரு வரிக் குறிப்பும் இருக்கட்டும். காரணம் தெரியாத வினாவுக்குக் கை தானாகவே 'ஆம்' என்று குறித்துவிடும்.

கபிலர் சொன்ன பூக்களில் சிலவற்றை இன்று எந்தச் செடி என்று அறுதியிட முடியவில்லை. பெயர் இருக்கிறது, பொருள் நம் கையை விட்டுப் போயிற்று. பாதுகாப்புப் பட்டியலுக்கு அந்த நிலை வரலாகாது.