கரையோரக் கப்பலும் கிராமத்தின் பங்கும்

கடலில் மூழ்கிய கப்பல் என்றதும் புதையலையும் பொற்காசுகளையும் நினைப்பதே நம்மவர் வழக்கம். ஆனால் ஒரு கிராமத்தின் அடுப்பை நாள்தோறும் எரிய வைக்கும் மூழ்கிய கப்பலும் உண்டு. இந்தோனேசியாவின் பாலித் தீவில், வடகிழக்குக் கரையிலுள்ள துலாம்பென் கிராமத்தின் அனுபவம், கரையோர மக்களின் வாழ்வில் அக்கறை கொண்ட நமக்கும் பயன் தரக்கூடியது.

1942 ஜனவரி 11ஆம் திகதி, ‘லிபர்ட்டி’ என்ற அமெரிக்க இராணுவச் சரக்குக் கப்பலை லொம்பொக் நீரிணைக்கு அருகில் யப்பானிய நீர்மூழ்கிக் கப்பலொன்று தாக்கியது. றப்பரும் புகையிரதப் பாகங்களும் ஏற்றி வந்த அக்கப்பலை அமெரிக்க, ஒல்லாந்தப் போர்க்கப்பல்கள் இரண்டு சிங்கராஜா நோக்கி இழுத்துச் சென்றன. வழியில் நீர் பெருமளவு புகுந்துவிடவே, அதைத் துலாம்பென் கரையில் ஏற்றிவிட்டார்கள். இருபத்தொரு ஆண்டுகள் அது அங்கேயே கிடந்தது. 1963இல் ஆகுங் எரிமலை குமுறி ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்களைப் பலிகொண்டது. அந்தக் குமுறலே கப்பலையும் கடலுக்குள் தள்ளிவிட்டது.

ஏறத்தாழ 120 மீற்றர் நீளமான அக்கப்பல் இன்று கரையிலிருந்து சில பத்து மீற்றர் தூரத்தில், கருமணற் சரிவில் சாய்ந்து கிடக்கிறது. அதன் மேற்பகுதி சுமார் 5 மீற்றர் ஆழத்திலும் அடிப்பகுதி சுமார் 30 மீற்றர் ஆழத்திலும் உள்ளன. இரும்பெல்லாம் பவளம் படர்ந்து மீன்களின் குடியிருப்பாகிவிட்டது. அதைப் பார்க்க உலகெங்குமிருந்து சுழியோடிகள் வருகிறார்கள். அவர்களுக்குப் படகு தேவையில்லை. கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்குகிறார்கள்.

இந்த ஒரு விடயத்தையே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். கப்பல் ஆழ்கடலில் கிடந்திருந்தால் வருமானம் படகும் இயந்திரமும் வைத்திருப்பவனுக்கே போயிருக்கும். கரையோரத்தில் கிடப்பதால், முதல் இல்லாதவர்களுக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்தது. அக்கரை முழுவதும் வழுக்கும் உருளைக் கற்கள். காற்றுச் சிலிண்டர் ஒன்று 15 கிலோ அளவில் பாரமுள்ளது. இவற்றைத் தலையிலும் தோளிலும் சுமந்து கடலோரம் சேர்ப்பவர்கள் அவ்வூர்ப் பெண்களே. வறண்ட எரிமலை நிலத்தையும் மீன்பிடியையும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது கைக்காசாயிற்று.

ஆனால் இதைப் பொற்காலமாக வர்ணிப்பதும் தவறு. சுமப்பவளுக்குக் கிடைப்பது கூலி. விடுதியும் சுழியோடும் நிலையமும் வைத்திருப்பவனுக்குக் கிடைப்பது இலாபம். கழுத்திலும் முதுகிலும் ஏறும் பாரத்துக்கு எவரும் ஓய்வூதியம் கொடுப்பதில்லை. 2017இல் ஆகுங் மீண்டும் குமுறியபோதும், 2020இல் கொரோனாத் தொற்றினால் பயணிகள் வரவு நின்றபோதும், ஒரே வருமானத்தை நம்பியிருப்பதன் ஆபத்து வெளிப்பட்டது.

நமது கிழக்குக் கடலிலும் அதே ஆண்டின் போர் விட்டுச்சென்ற கப்பல்கள் உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட ‘ஹெர்மிஸ்’ 50 மீற்றருக்கும் மேலான ஆழத்தில் கிடக்கிறது. படகும் விசேட பயிற்சியும் இன்றி அதை நெருங்க முடியாது. அதே நாளில் மூழ்கிய ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட ஆழம் குறைந்த இடத்தில் உள்ளது. இவற்றைப் பார்க்க வருவோர் தரும் பணத்தில் நம் கடற்றொழிலாளருக்கு என்ன பங்கு? இக்கேள்வியை விடுதிகள் எழுந்தபின் அல்ல, எழுமுன்னரே கேட்க வேண்டும்.

சங்கும் அட்டையும் எடுக்கக் கடலில் இறங்கும் இளைஞர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களைவிடக் கடலடியை அறிந்தவர் யார்? ஆயினும் ஆழத்திலிருந்து அவசரமாக மேலே வந்து கைகால் வழங்காமற் போனவர்களும் அவர்களுள் உண்டு. முறையான பயிற்சியும் சான்றிதழும் கிடைத்தால், அவர்களின் உயிரும் காக்கப்படும். வழிகாட்டித் தொழிலும் கைவரும். கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதை முதற் கோரிக்கையாக முன்வைக்கலாம். கடற்கரைக்குச் செல்லும் பாதை எவராலும் அடைக்கப்படாதிருப்பது இரண்டாவது கோரிக்கையாகட்டும்.

நமக்கும் ஒரு கடமை உண்டு. பழைய இரும்புக்காகக் கப்பலை உடைப்பதும், அதனருகே வெடி வைத்து மீன் பிடிப்பதும் ஒருநாள் வருமானத்துக்காக நாளைய பிழைப்பை அழிப்பதாகும். கப்பல் எவருடையதாகவும் இருந்திருக்கலாம். அது கிடக்கும் கடலில் தலைமுறை தலைமுறையாய் உழைப்பவர்கள் வெறும் சுமைகாரராக மட்டும் நின்றுவிடலாகாது.