தமிழுக்கு அளந்த நிலம் தமிழுக்கே!

ஏழாயிரம்பண்ணை நிலம் பறிகொடுத்த ஊர். 1799ஆம் ஆண்டில் கட்டபொம்மனை வீழ்த்திய ஆங்கிலக் கும்பினியார், தமக்கு அடங்காத பாளையங்களைப் பறித்துக்கொண்டனர். பாஞ்சாலங்குறிச்சியோடு பறிபோனவற்றுள் ஏழாயிரம்பண்ணைப் பாளையமும் ஒன்று. படைகொண்டு பறித்த நிலத்தை மக்கள் இருநூறு ஆண்டுகள் கடந்தும் மறந்திலர். அரசாணைத் தாள்கொண்டு எடுக்கப்படும் நிலமோ எவர் கண்ணிலும் படுவதில்லை. தஞ்சையில் தமிழுக்கென்றே அளந்து விடப்பட்ட நிலத்தின் நிலை இதுவாகும்.

1981 செப்டம்பர் 15ஆம் நாள், ம.கோ. இராமச்சந்திரன் முதலமைச்சராயிருந்தபோது, தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. அறிஞர் வ.அய். சுப்பிரமணியம் முதல் துணைவேந்தரானார். திருச்சிச் சாலையில் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. ஒரு மொழிக்கு அத்துணை நிலம் எதற்கு என்று வினவியோர் உண்டு. ஓலைச்சுவடி, கல்வெட்டு, தொல்லியல், சிற்பம், சித்த மருத்துவம் எனத் தமிழரின் அறிவுத்துறைகள் பலவும் ஓரிடத்தே வேரூன்ற வேண்டுமாயின், அன்றைய தேவைக்கு மட்டும் நிலம் அளந்தால் போதாது. பேரப்பிள்ளைகளின் தேவைக்கும் அளக்கவேண்டும். வானிலிருந்து நோக்கினால் ‘தமிழ்நாடு’ என்னும் எழுத்துகளாய்த் தோன்றும்படி அங்குக் கட்டடங்கள் வரையப்பட்டன. அவ்வெழுத்துகள் இன்றுவரை நிறைவுறவில்லை.

எழுத்து நிறைவுறாத அவ்வளாகத்தில் நிலம் மட்டும் குறைந்தது. பல்கலைக்கழகத்திற்கென ஒதுக்கிய நிலத்தின் ஒரு பகுதியில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நிற்கிறது. “வெறுமனே கிடந்த நிலந்தானே? ஆட்சியர் அலுவலகமும் மக்களுக்குப் பயன்படுவதுதானே?” என்பர் சிலர். மக்களுக்குப் பயன்படுவதே, அதில் ஐயமில்லை. ஆயினும், அந்நிலம் வெறுமனே கிடந்தது ஏன்? கட்டுதற்குப் பொருள் தராதவர் எவர்? சம்பளத்திற்கும் ஓய்வூதியத்திற்குமே திண்டாடும் நிலையில் ஒரு பல்கலைக்கழகத்தை வைத்துவிட்டு, அதன் நிலம் பயன்படாமற் கிடக்கிறது என்று குறை கூறுவது எவ்வகை முறை?

இதற்குரிய விடையைக் கரிசற்காட்டு உழவன் அறிவான். கோடையில் அவன் புழுதி உழவு உழுது போட்டிருக்கும் நிலத்தைப் பார்த்து எவரும் தரிசு என்பதில்லை. அது மழைக்குக் காத்திருக்கும் நிலம். பல்கலைக்கழக நிலமும் அத்தகையதே. விதைநெல்லைக் குத்தித் தின்பவன் அன்றைக்குப் பசியாறலாம். அடுத்த பருவத்திற்கு என் செய்வான்?

இத்தீங்கு தஞ்சைக்கு மட்டும் உரியதன்று. 1974இல் தோன்றிய ஐதராபாத்துப் பல்கலைக்கழகத்திற்கு ஏறத்தாழ 2,300 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. ஆனால், அந்நிலம் முறைப்படி அதன் பெயருக்கு எழுதித் தரப்படவில்லை. 2025ஆம் ஆண்டில் காஞ்ச கச்சிபௌலியில் 400 ஏக்கர் தன்னுடையது என்று தெலங்கானா அரசு உரிமை கொண்டாடி, மரங்களை வீழ்த்தப் பொறிகளை ஏவியது. மாணவர் திரண்டெழுந்தனர். ஏப்பிரல் 3ஆம் நாள் உச்ச முறைமன்றம் அவ்வேலையை நிறுத்தியது. ஆவணமில்லாத உரிமை மணல்மேற் கட்டிய சுவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

தமிழ்நாட்டிலோ, கொடுத்தோரும் வாழ்ந்திருக்கின்றனர். காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகம் அமைய வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலக்கம் உருபாவும் ஈந்தார். தனியொருவர் தம் நிலத்தைக் கல்விக்கு ஈந்த நாட்டில், கல்விக்கு ஒதுக்கிய நிலத்தை அரசே திரும்ப எடுப்பது நாணத்தக்கது.

ஆகவே, தமிழர் கேட்க வேண்டுவன மூன்று. அரசுப் பல்கலைக்கழக நிலமனைத்தும் அவ்வப் பல்கலைக்கழகத்தின் பெயருக்கே பட்டாவாக வேண்டும். சட்டமன்றத்தின் ஒப்புதலின்றி ஒரு குழி நிலமும் பிறவற்றிற்குச் செல்லலாகாது. ஐம்பதாண்டுக்கான வளாக வரைவு முன்னரே வகுக்கப்பட்டு, நூலகம், சுவடிக் காப்பகம், மாணவர் விடுதி, குளம், மரச்செறிவு ஆகியவற்றிற்குரிய இடங்கள் அதிற் குறிக்கப்பட வேண்டும். அதற்கான பொருளையும் ஆண்டுதோறும் அரசு ஒதுக்கவேண்டும்.

இது ஏழாயிரம்பண்ணைக்குத் தொலைவான செய்தியன்று. ஊருக்கு அண்மையில், வெம்பக்கோட்டையை அடுத்த வைப்பாற்றங்கரை மேட்டில் 2022 முதல் நடந்த அகழாய்வில் சங்கு வளையல்களும் சுடுமண் உருவங்களும் கண்ணாடி மணிகளும் வெளிப்பட்டன. இவற்றை ஆய்ந்து உலகிற்கு உரைக்கவேண்டிய பிள்ளைகள் இம்மண்ணிலேயே பிறந்துள்ளனர். இவர்களோ அரசுப் பல்கலைக்கழக வாயிலை மிதிக்க மதுரைக்கோ நெல்லைக்கோ தஞ்சைக்கோ செல்லவேண்டும். செல்ல இயலாதார்க்குத் தீப்பெட்டியும் வெடிமருந்துமே வாழ்வு. தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் தொல்லியற் கிளையொன்று வைப்பாற்றங்கரையில் எழுமாயின், அப்பிள்ளைகளின் கைகள் கந்தகத்தை விட்டுக் கல்வெட்டைத் தொடும்.

தாய் முற்றத்தைத் துண்டாடக் கொடுத்தபின் கிளைக்கு வழியேது? தஞ்சை நிலத்தைக் காப்பதே வைப்பாற்றுப் பிள்ளைகளைக் காப்பதன் தொடக்கம். தமிழர் தம் நிலத்தின் கணக்கைக் கேட்கத் தொடங்குக!