பழைய வேனும் புதிய எஞ்சினும்

தருமபுரி மாவட்டத்துச் சாலையோரத்தே ஒரு காலைப்பொழுது நின்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பாலக்கோட்டுத் தக்காளியையும், அரூர்ப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கையும், பென்னாகரத்துப் புளியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்லும் வண்டிகளுள் இருபதாண்டு கடந்த வேன்கள் இன்றும் பல உள. கதவு துருவேறி, விளக்கு மங்கி, ஏற்றத்திற் கரும்புகை கக்கித் திணறும் அவ்வண்டிகளை உடையவர் விட்டொழிப்பதில்லை. புதியது வாங்கப் பல லட்சம் வேண்டும். பழையதோ தவணை தீர்ந்து, கடனின்றிக் கையிலிருப்பது. அங்ஙனமாக, விபத்திற் சிதைந்த வேறொரு வண்டியினின்று கழற்றிய டர்போ எஞ்சினை இப்பழைய உடலிற் பொருத்தினால் என்ன என்னும் எண்ணம் அவர்க்கு எழுதல் இயல்பே. இவ்வெண்ணத்தைக் குறித்தே ஈண்டுச் சில கூற விரும்புகின்றேன்.

தமிழ் பயிலும் மாணவனுக்கு எஞ்சினோடு என்ன உறவு என நண்பர் சிலர் நகைப்பர். வண்டி ஓடினால் அன்றி விடுதிச் சமையற்கட்டிற் குழம்பு கொதியாது என்பதே அவர்க்கு என் விடை.

வேறு சிலர் மறைமொழியைத் துணைக்கழைத்து, பழந்துருத்தியிற் புதுரசம் பெய்யலாகாதெனக் கூறி வாதத்தை முடித்துவிடுவர். அவ்வுவமையின் பொருள் வேறு. அதனை எஞ்சின் பட்டறைக்கு இழுத்துவருதல் முறையன்று. பழந்தோல் மீண்டும் நெகிழாது. இரும்பையோ உரியவாறு மாற்றியமைத்தல் கூடும். ஆதலின் கேள்வி, கூடுமா கூடாதா என்பதன்று. எவ்வாறு, எவர் மேற்பார்வையில் என்பதே.

வண்டியின் உயிர்ப்பொறியை மாற்றுதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்திற் பெட்ரோல் அரிதாகிய பொழுது, சென்னை மாகாணத்துப் பேருந்துகள் முதுகிற் கரியடுப்பைச் சுமந்து கரிவாயுவால் ஓடின; மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் அதற்குரிய கருவியைச் செய்தளித்தனர். வலிமை குறைந்த அப்பேருந்துகள் மேட்டில் ஏறமாட்டாது நிற்கப் பயணிகள் இறங்கித் தள்ளிய கதையை முதியோர் பலர் சொல்லக் கேட்டிருப்போம். போருக்கு முன்னரே இங்கிலாந்தில் பெர்க்கின்ஸ் என்னும் நிறுவனத்தார் பி6 என்னும் டீசல் எஞ்சினை ஆக்கினர். பெட்ரோல் லாரிகளின் எஞ்சினைக் கழற்றிவிட்டு இதனைப் பொருத்துதல் பெருவழக்காயிற்று. 1950களில் சென்னைச் சிம்சன் நிறுவனத்தார் பெர்க்கின்ஸ் எஞ்சின்களை நம் மண்ணிலேயே செய்யத் தொடங்கினர். ஆகவே எஞ்சின் மாற்றத்தை ஏதோ இளைஞர் விளையாட்டென எண்ணுவோர் வரலாறு அறியார்.

டர்போ என்பது யாது? இலத்தீனில் அச்சொல் சுழல்காற்றைக் குறிக்கும். எஞ்சின் எரித்து வெளியே தள்ளும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகின்றது. அதனோடு ஒரே தண்டிற் கோத்த மற்றொரு சக்கரம் புறக்காற்றை அழுத்தி எஞ்சினுள் ஊட்டுகின்றது. காற்று மிகுந்தால் டீசலும் மிகுதியாக எரிக்கலாம். அதனால் அதே அளவுள்ள எஞ்சின் மிகுந்த வலி பெறும். வீணே போகும் புகையை வேலைவாங்கும் இவ்வுத்தியைச் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்பிரெட் பூக்கி 1905ஆம் ஆண்டிற் காப்புரிமையாகப் பதிந்தார். அச்சிறு தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுழல வல்லது. தூய எண்ணெய் இடையறாது பாயாவிடின் விரைவிற் கெடும்.

நம் பக்கத்துப் பழைய வேன்களுள் மாட்டடோர் புகழ்பெற்றது. புனேயிலுள்ள பஜாஜ் டெம்போ நிறுவனம், ஜெர்மனியின் டெம்போ வேனின் வழிவந்த அதனை நெடுங்காலம் செய்தது. 1980களில் அந்நிறுவனம் மெர்சிடிஸ் பென்ஸ் உரிமத்துடன் ஓஎம்616 என்னும் எஞ்சினைச் செய்யலாயிற்று. 2.4 லிட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டரும் உடைய அதற்கு டர்போ இல்லை. மெதுவானது, ஆயினும் பொறுமையுள்ளது. இஃது என் சொல் அன்று, பட்டறைக்காரர் சொல். பின்னர் அதே நிறுவனத்தாரே தம் டிராவலர் வேனில் டர்போ எஞ்சின்களை அமைத்தனர். ஆனால் அவர்கள் எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு ஓயவில்லை என்பதை நம் பட்டறைகள் கருதுதல் வேண்டும்.

வலி மிகுந்த எஞ்சின் வந்தமர்ந்தால் அதன் வெப்பத்தைத் தணிக்கப் பழைய ரேடியேட்டர் போதாது. அழுத்திய காற்றைக் குளிர்விக்க இன்டர்கூலரும் வேண்டும். பழைய கிளட்ச் வழுக்கும். கியர்பாக்ஸும், ஜாயின்ட் தண்டும், பின்னச்சின் கிரவுன் பற்களும் தாம் எண்ணியிராத முறுக்கைத் தாங்க நேரிடும். இவையெல்லாம் உடைந்தால் உடையவர்க்குப் பணநட்டம், அவ்வளவே. பிரேக்கின் செய்தி அத்தகையதன்று. டீசல் எஞ்சினிற் பெட்ரோல் எஞ்சினைப் போல உறிஞ்சும் வெற்றிடம் தானாக அமையாது. பிரேக் மிதியை இலேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடத்தை ஒரு தனி வேக்குவம் பம்ப் உண்டாக்குகின்றது. பல எஞ்சின்களில் அப்பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில் ஒட்டியிருக்கும். எஞ்சினை மாற்றுவோர் வேறு ஆல்டர்னேட்டரைப் பொருத்திப் பம்பை மறந்தால், முழுப்பாரத்துடன் மிதிக்கும் காலின்கீழ் மிதி கல்லாய் நிற்கும்.

இதன் பொருளைத் தொப்பூர்க் கணவாய் அறிந்தவர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் 44ஆம் தேசிய நெடுஞ்சாலை அங்கே வளைந்து வளைந்து இறங்குகின்றது. இரட்டைப் பாலத்தருகே நேர்ந்த விபத்துச் செய்திகளைப் படியாத ஆண்டு இல்லை. ஏற்றத்தில் டர்போ நண்பன். இறக்கத்தில் அஃது ஒன்றும் செய்யாது. இன்னும் கூறின், கொள்ளளவு குறைந்த புதிய எஞ்சின், கியரிலே வண்டியைப் பிடித்துவைப்பதிற் பழைய பெரிய எஞ்சினைவிட மெலிந்தது. மேட்டில் விரைந்தேறிய மகிழ்ச்சியில் ஓட்டுநர் பாரத்தையும் கூட்டுவார். அப்பாரம் முழுவதையும் முப்பதாண்டுப் பழைமையுள்ள டிரம் பிரேக் சுமந்து இறங்கும். அவ்வண்டிக்கு முன்னே செல்பவர் யாரோ ஒருவர்; எஞ்சின் மாற்றத்தைப் பற்றி அவரிடம் எவரும் ஒரு சொல் கேட்டதில்லை.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 2000ஆம் ஆண்டிற் பெற்ற திருத்தத்தின்படி, பதிவுச்சீட்டின் விவரம் வண்டியைச் செய்தவர் முதலிற் குறித்ததனின்று வேறுபடுமாறு எவரும் மாற்றலாகாது என்கின்றது. அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினை மாற்றிக்கொள்ள இடமுண்டு. 2019 சனவரியில் உச்சநீதிமன்றமும் இவ்விதியை உறுதிசெய்தது. அவ்வாண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவோ, மீறுவோர்க்கு ஆறு திங்கள் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு ஐயாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கின்றது.

விதியின் நோக்கம் நன்று. அதன் வடிவிலேதான் எனக்கு மாறுபாடு. அதே 52ஆம் பிரிவு, எரிவாயுவாலோ மின்கலத்தாலோ ஓடுமாறு எஞ்சினை மாற்றுவதற்கு, விதித்த நிபந்தனைக்குட்பட்டு வழி திறந்துள்ளது. புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்கள் ஒப்பிய கருவித்தொகுதியை உரிமம் பெற்ற பட்டறையிற் பொருத்திக்கொள்ளலாம். டீசல் எஞ்சினை அறவே எடுத்தெறிந்து மோட்டாரையும் மின்கலத்தையும் ஏற்றுவதற்கு வழி உண்டெனில், பழைய எஞ்சினுக்குப் பதிலாகப் புகை குறைந்த புதிய எஞ்சினை ஏற்றுவதற்கு மட்டும் வழி ஏன் இல்லை? வழியில்லாமையால் மாற்றம் நின்றுவிடவில்லை. இரவிற் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு நடைபெறுகின்றது. பொருத்தியவர் எழுதித்தருவதில்லை, பதிவுச்சீட்டில் எஞ்சின் எண் ஒன்று, வண்டியில் வேறொன்று. விபத்து நேரின் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மறுப்புரைக்க அதுவே காரணமாகிவிடும்.

பாலக்கோட்டுச் சாலையில் ஒரு பட்டறைக்காரரை அண்மையில் வினவினேன். "பிரேக்கையும் மாற்றச் சொல்லுங்களேன், அண்ணா" என்றேன். "எஞ்சினுக்கே கடன் வாங்கி வருகிறவனிடம் பிரேக்குக்குக் காசு கேட்டால் அடுத்த பட்டறைக்குப் போய்விடுவான், தம்பி" என்றார். அவர் கூறியது மெய்யே. ஒருவர் கண்டிப்பாயிருந்தால் அவர்க்கே நட்டம். யாவர்க்கும் ஒரே விதி இருந்தாலன்றி நேர்மையானவர் பிழையார்.

ஆதலின் வண்டி உடையவர்க்கு யான் கூறுவது இது: வழி திறக்குமட்டும் அவ்வகை எஞ்சினையே செம்மை செய்து ஓட்டுக, பம்ப், நாசில், ரேடியேட்டர் மூன்றையும் சீர்செய்தாலே பழைய எஞ்சின் இழந்த வலியிற் பெரும்பகுதி மீளும், கரும்புகையும் குறையும். அரசினர்க்குக் கூறுவது: இன்ன வேனுக்கு இன்ன எஞ்சின், அதனோடு இன்ன பிரேக், இன்ன ரேடியேட்டர் எனத் தொகுதியாகவே ஒப்புதல் அளிக்கலாம், தனி எஞ்சினுக்கு ஒருபோதும் அளிக்கலாகாது. எட்டாண்டு கடந்த வாடகை வண்டிகள் ஆண்டுதோறும் எஃப்.சி.க்கு வந்தேயாக வேண்டும். மாற்றிய வண்டியை அங்கேயே முழுப்பாரம் ஏற்றி நிறுத்திப் பார்த்து, புதிய எஞ்சின் எண்ணைப் பதிவுச்சீட்டில் ஏற்றித் தருவதற்கு வேறு அலுவலகம் ஒன்று புதிதாக வேண்டுவதில்லை.