பட அட்டைப் பெட்டி: ஜார் கிராமத்து நீல மாளிகை



இம்முறை நம் பெட்டியிலிருந்து எடுத்திருப்பது ஒரு ருஷ்ய அட்டை. நீலமும் வெள்ளையுமாக நீண்டு செல்லும் மாளிகை. அதன் ஒரு கோடியில் வெங்காய வடிவில் ஐந்து பொன் கூரைகள். மாளிகையின் பெயர் கேத்தரின் அரண்மனை. பொன் கூரைகள், அதனோடு ஒட்டிய தேவாலயத்துக்கு உரியவை.

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகருக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் இது இருக்கிறது. மகா பீட்டரின் மனைவி கேத்தரினுக்கு இங்கே சிறிய மாளிகை ஒன்று இருந்தது. மகள் எலிசபெத் பேரரசியானதும் அது போதவில்லை. ராஸ்ட்ரெல்லி என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு 1752 முதல் 1756 வரை இப்போதுள்ள வடிவில் எழுப்பினார்.

அட்டையில் தெரியாத அதிசயம் உள்ளே இருந்தது. பழங்கால மரங்கள் வடித்த பிசின், மண்ணுக்குள் கல்லாகிப் போனதைத்தான் அம்பர் என்கிறோம். சுவர் முழுக்க அந்த அம்பர் பதித்த ஓர் அறை! 1941-இல் ஊரைப் பிடித்த ஜெர்மானியப் படை அதைப் பெயர்த்துக் கொண்டுபோனது. போருக்குப் பின் அது எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. 1944-இல் ஊர் மீண்டபோது அரண்மனை கருகிய கூடாக நின்றது.

ருஷ்யர்கள் மனம் தளரவில்லை. 1979-இல் அம்பர் அறையைப் புதிதாகச் செய்யத் தொடங்கி, 2003-இல் திறந்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டியவை எவை தெரியுமா? போருக்கு முன் எடுத்த பழைய புகைப்படங்கள்!

உங்களிடம் இந்த அட்டை இருந்தால் ஊர்ப்பெயரைப் பாருங்கள். 'ஜார்ஸ்கோயே செலோ', அதாவது ஜார் கிராமம் என்றிருந்தால் பெரும்பாலும் 1918-க்கு முந்தியது. 'தெத்ஸ்கோயே செலோ', அதாவது குழந்தைகள் கிராமம் என்றால் 1918-க்கும் 1937-க்கும் இடைப்பட்டது. 1937-இல், அங்கே படித்த கவிஞர் புஷ்கினின் நூறாவது நினைவாண்டில், ஊருக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. முதல் இரண்டு பெயர்களில் ஒன்று இருந்து, அட்டையும் பழையதானால், நீங்கள் காண்பது தீக்கு இரையாகுமுன் இருந்த அரண்மனை.

ஆகவே, தபால்தலை வேண்டுமென்று அட்டையிலிருந்து பிய்க்காதீர்கள். முத்திரையில்தான் தேதி இருக்கிறது. பசை போட்டு ஆல்பத்தில் ஒட்டாதீர்கள். பின்புறத்து எழுத்து மறைந்துவிடும். நம் ஊர் ஈரக்காற்றுக்குப் பூஞ்சணம் சீக்கிரம் பிடிக்கும். உலர்ந்த இடத்தில் வையுங்கள். அவ்வப்போது எடுத்துப் பாருங்கள். அழிந்துபோன ஒன்றுக்கு உங்கள் கையிலுள்ள அட்டையே சாட்சியாகலாம்.

அடுத்த இதழில் வேறோர் அட்டையுடன் சந்திப்போம்.