தலையில் ஊசி போடத் தகுதி வேண்டாமா?

"தையல் இல்லை, தழும்பு இல்லை, இது ஆபரேஷனே இல்லை." முடி மாற்று மையங்களின் இந்த விளம்பரத்தைப் பல ஆண்டுகளாகப் பார்த்து எரிச்சல்படுகிறேன். இதைப் பிடித்துக்கொண்டு, 'இந்த வேலைக்கு எதற்கு எம்.டி.யும் எம்.சிஎச்.சும்? கைப்பழக்கம் போதும்' என்று வாதாடவும் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

தழும்பு இல்லை என்பது பொய். எஃப்.யூ.இ. முறையில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் வேர்களைத் தனித்தனியாகத் தோண்டுகிறார்கள். 2,000 வேர் எடுத்தால் பின்னந்தலையில் 2,000 புண்.

ஆபரேஷன் இல்லையென்றால் மரத்துப்போகும் ஊசி எதற்கு? லிக்னோகெயினை அட்ரினலின் கலந்து போட்டாலும் உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம்தான் வரம்பு. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். இரண்டு சதவீத மருந்தில் 21 மில்லியோடு அது தீர்ந்துவிடும். வேலையோ பல மணி நேரம் நீள்கிறது. மரமரப்பு தெளியத் தெளிய மறுபடி ஊசி. கணக்கு தவறினால் வாயைச் சுற்றி மரத்துப்போகும், காது இரையும், அடுத்து வலிப்பு வரும், இதயமே நின்றுபோகலாம். வாய் மரக்கிறது என்று நோயாளி முனகும்போதே ஆபத்தை உணர்ந்து ஊசியை நிறுத்த வேண்டும். வலிப்பை அடக்கி மூச்சைக் காக்க வேண்டும். வேரை நேர்த்தியாக நடும் விரல்களுக்கு இது தானாக வந்துவிடாது. முறையாகப் படித்து, மூத்தவர் மேற்பார்வையில் பழகி, தேர்வில் தேறி வர வேண்டிய அறிவு இது.

2016இல் சென்னையில் முடி மாற்று சிகிச்சை செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகும் 'சின்ன வேலை' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

'ஆயிரக்கணக்கான தலை பார்த்தவருக்குச் சான்று எதற்கு?' தவறாகவே ஆயிரம் முறை செய்தாலும் அனுபவம் என்றுதான் பெயர்.

'அமெரிக்காவிலேயே முடி மாற்றுச் சான்றுக்கு அங்கீகாரம் இல்லையே?' அங்குள்ள 24 சிறப்பு மருத்துவ வாரியங்களின் கூட்டமைப்பில் முடி மாற்று வாரியம் இல்லைதான். ஆனால் 1996இல் தொடங்கிய அந்த வாரியம் எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வும் வைத்துத்தான் சான்று தருகிறது.

தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: பயிலரங்கில் வேடிக்கை பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சி ஆகாது, முறையான அறுவைப் பயிற்சி வேண்டும். மையத்துக்குப் போகிறவர்கள் தள்ளுபடியைப் பற்றிப் பேசுவதற்கு முன், கத்தி பிடிக்கப்போகிறவரின் பெயர், பட்டம், மருத்துவக் கவுன்சில் பதிவு எண் மூன்றையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள்.