நம்ம கண்ணைப் படம் பிடிச்சுக் கொடுத்தோம், நம்ம பசங்களுக்கு என்ன கிடைச்சது?

1/ உலக ஏஐ ஆராய்ச்சி நெட்வொர்க்கில் தமிழ்நாடு இருக்கான்னு கேட்டா, எம்ஓயூ கையெழுத்துப் போட்ட போட்டோவைக் காட்டுவாங்க. என் கேள்வி வேற. அதுல நாம யாரா இருக்கோம்? ஆராய்ச்சி பண்றவங்களா, சரக்கு அனுப்பறவங்களா? கரையான்சாவடியில் தினமும் சர்க்கரை நோயாளிகளைப் பார்க்கிற டாக்டரா எழுதறேன். நீளமான இழை, பொறுமையாப் படிங்க.

2/ 2016 டிசம்பர், ஜாமா மருத்துவ இதழ். சர்க்கரை நோயால விழித்திரை கெட்டிருக்கான்னு போட்டோவை வச்சே சொல்லும் ஏஐ பற்றி கூகுள் குழுவின் கட்டுரை. பயிற்சிக்கு 1,28,175 படங்கள். அமெரிக்காவின் ஐபேக்ஸ் அமைப்பிலிருந்தும், இந்தியாவின் மூன்று கண் மருத்துவமனைகளிலிருந்தும் வந்தவை.

3/ அந்த மூன்றில் அரவிந்த், சங்கர நேத்ராலயா ரெண்டும் நம்ம ஊர். மூணாவது பெங்களூர் நாராயண நேத்ராலயா. படங்களைத் தரம் பிரிச்ச 54 பேரும் அமெரிக்க உரிமம் பெற்ற கண் மருத்துவர்கள், அல்லது அங்கே பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருந்தவங்க.

4/ நம்ம டாக்டர்கள் பெயரும் ஆசிரியர் பட்டியலில் இருக்கு. அதை மறைக்க மாட்டேன். அரவிந்த் மேல எனக்குக் குறையும் இல்ல, ஏழைக்குக் கண் கொடுத்த இடம் அது. நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு: ஒரு மாடலைக் கட்டும்போது, கட்டுறவங்க கைக்கு ஒரு தொழில் வருது. அந்தத் தொழில் கூகுள் பசங்க கைக்குப் போச்சு.

5/ அடுத்தது இன்னும் வேடிக்கை. 2019-ல் கூகுளுக்குச் சொந்தமான காகிள் தளத்தில் ஒரு போட்டி. அரவிந்த் கிராமப்புறத்தில் எடுத்த விழித்திரைப் படங்கள்தான் அதுக்கு அடிப்படை. பயிற்சிக்குக் கொடுத்தவை மட்டும் 3,662. உலகத்துல யார் வேணா இறக்கிக்கலாம்.

6/ இப்போ பூந்தமல்லி, ஆவடி பக்கம் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜுக்குப் போங்க. பி.டெக். ஏஐ அண்ட் டேட்டா சயின்ஸ், ஃபைனல் இயர் ப்ராஜெக்ட். 'டயபடிக் ரெட்டினோபதி டிடெக்‌ஷன்'னு ஒரு டீமாவது நிக்கும். படம் எங்கிருந்து தம்பின்னு கேட்டா, "காகிள்ல இருந்து சார்."

7/ நம்ம ஊர்ப் பாட்டியோட கண்ணு அமெரிக்க சர்வருக்குப் போய்ட்டு அந்தப் பையன் லேப்டாப்புக்குத் திரும்பி வருது. அந்தப் பையன் ஃபண்டஸ் கேமராவை ஒரு தடவைகூடத் தொட்டதில்ல. சர்க்கரையில பார்வை போன ஒருத்தர்கிட்ட உட்கார்ந்து பேசினதில்ல. பாதிப் பேர் ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து கோடை வாங்கிட்டு வர்றாங்க.

8/ பையனைத் திட்டாதீங்க. கல்விக்கடன் வாங்கிப் படிக்கிற பிள்ளை. மெடிக்கல் காலேஜ் ஹவுஸ் சர்ஜனும் இந்தப் பையனும் ஒரே பஸ்ல போறாங்க, ஒரே டீக்கடையில நிக்கிறாங்க. ரெண்டு பேரையும் ஒரு மேஜையில உட்கார வைக்க நம்மகிட்ட ஏற்பாடு இல்ல. கலிஃபோர்னியாவில இருந்துச்சு. வித்தியாசம் மூளையில இல்ல சார், மேஜையில.

9/ "மாடல் எங்க செஞ்சா என்ன, வேலை செஞ்சா போதாதா?" நியாயமான கேள்வி. பதில் தாய்லாந்தில் இருக்கு. இதே விழித்திரை ஏஐ-யை அங்கே 11 கிளினிக்குகளில் கொண்டுபோனாங்க. என்ன ஆச்சுன்னு கூகுள் ஆட்களே 2020-ல் எழுதினாங்க. முதல் ஆறு மாசத்துல போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தரம் போதலைன்னு மெஷின் ஒதுக்கிடுச்சு.

10/ காரணம்? ரூமை இருட்டாக்க முடியல. நெட் ஸ்லோ. நர்ஸுக்குக் கூட்டம் தாங்கல. இதைக் கண்டுபிடிக்க சூப்பர் கம்ப்யூட்டர் வேண்டாம். ஒரு பிரைமரி ஹெல்த் சென்டர் ஓபி-யில ஒரு வாரம் உட்கார்ந்த இன்ஜினியர் போதும். அந்த இன்ஜினியரை நாம உருவாக்கறோமா?

11/ "இதெல்லாம் பணக்கார நாட்டு விஷயம் டாக்டர், நம்மால ஆகாது." இங்கதான் எனக்குக் கோபம் வருது. இதே சென்னை இதைச் செஞ்சு காட்டியிருக்கு. எப்போ? 1956-ல்.

12/ சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம். ஐசிஎம்ஆர், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் சேர்ந்து ஆரம்பிச்சது. பொறுப்பில் வாலஸ் ஃபாக்ஸ். இதைவிட ஒரு சர்வதேச நெட்வொர்க் என்ன இருக்கு?

13/ ஆனா கேள்வி நம்ம கேள்வி. சானடோரியத்துல படுக்கை இல்லை. நோயாளியை வீட்டிலேயே வச்சு மருந்து கொடுத்தா குணமாகுமா? வீட்டில மத்தவங்களுக்குக் கூடுதலா ஒட்டுமா? சென்னையின் நெருக்கடியான வீடுகளில் சோதிச்சாங்க. 1959-ல் முடிவு வந்தது: குணமாகும், மத்தவங்களுக்கு ஆபத்து கூடலை. உலகம் பூரா காசநோய் சிகிச்சை மாறிப்போச்சு.

14/ அந்த முடிவைவிடப் பெரிய லாபம் ஒண்ணு இருக்கு. வெள்ளைக்காரங்க போனாங்க, மையம் நின்னுச்சு. நம்ம டாக்டர், நம்ம புள்ளியியலாளர், நம்ம லேப் ஆட்கள். இன்னிக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அங்கே வேலை பார்த்து இயக்குநரான சௌம்யா சுவாமிநாதன், 2019-ல் உலக சுகாதார நிறுவனத்தின் தலைமை விஞ்ஞானி ஆனார்.

15/ இன்னும் கிட்ட வாங்க. அம்பத்தூர் அயப்பாக்கம். எங்க ஊரிலிருந்து திருவேற்காடு தாண்டிப் போனா வந்துடும். ஐசிஎம்ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் அங்கேதான் இருக்கு. பலருக்கு அந்த போர்டே தெரியாது.

16/ 2001-லிருந்து அங்கே களத் தொற்றுநோயியல் பயிற்சி நடக்குது. மூலம் 1951-ல் அமெரிக்கா தொடங்கிய திட்டம். டெஃபிநெட் என்ற உலக வலையமைப்பில் இதுவும் ஒரு கண்ணி. ஆனா யாரும் யாரையும் ஏற்றுமதி பண்ணலை. இங்கேயே இருந்து, ஊருக்குள் நோய் பரவும்போது களத்தில் இறங்கித்தான் கத்துக்கறாங்க.

17/ பலன்? 2022-ல் தமிழ்நாடு தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம். எடை-உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், தானா நிக்க முடியுதா. இந்த அஞ்சை வச்சு யாரை உடனே அட்மிட் பண்ணணும்னு கண்டுபிடிக்கறாங்க. பின்னாடி, நம்ம நோயாளிகளின் தரவை வச்சே இறப்பு அபாயத்தைக் கணிக்கும் மாடலையும் செயலியில் சேர்த்தாங்க. நம்ம கேள்வி, நம்ம தரவு, நம்ம ஆட்கள்.

18/ "திறமை இருந்தா ஐஐடி போகட்டுமே!" போகட்டும். சென்னை ஐஐடியில் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்குச் செய்யறது நிஜமான வேலை. ஆனா ஒரே ஒரு வாசலை வச்சுட்டு மாநிலத்துக்கே கதவு திறந்திருக்குன்னு சொல்லக் கூடாது.

19/ "பணம் இல்ல." 2024 மார்ச்சில் இந்தியா ஏஐ திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒதுக்கியது சுமார் 10,372 கோடி ரூபாய். ஜிபியு வாங்கலாம். ஜிபியு பக்கத்துல உட்கார்ந்து "இந்த ரிசல்ட் தப்பு"ன்னு சொல்ற ஆளை டெண்டர் விட்டு வாங்க முடியாது.

20/ ஆப்பிரிக்காவைப் பாருங்க. 2017-ல் ஜோகன்னஸ்பர்க் விட்ஸ் பல்கலைக்கழகத்தில் 'டீப் லேர்னிங் இண்டாபா' ஆரம்பிச்சாங்க. நம்ம பசங்க ஏன் வாசல்ல நிக்கணும், வகுப்பை இங்கேயே கொண்டு வருவோம்னு. மாணவர்கள் போகல, ஆசிரியர்கள் வந்தாங்க. நமக்கு ஏன் தோணல?

21/ என் கோரிக்கை மூணு. ஒண்ணு: எந்த மருத்துவமனையிலிருந்து தரவு வெளியே போனாலும், ஈடா பயிற்சி இடம் வரணும். இத்தனை படத்துக்கு இத்தனை இளம் ஆராய்ச்சியாளர், சம்பளத்தோட, அதே மாடலில் வேலை. ஒப்பந்தத்திலேயே எழுதணும்.

22/ ரெண்டு: கேள்வியை இங்கிருந்து எடுக்கணும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021-லிருந்து வீடு வீடா சுகர், பிரஷர் பார்க்குது. அவங்க கையில எந்தக் கருவி உடையுது, எந்த நோயாளி தப்பிப் போறார்? ஆராய்ச்சி அங்கே ஆரம்பிக்கட்டும்.

23/ மூணு: மெடிக்கல் காலேஜும் இன்ஜினியரிங் காலேஜும் சேர்ந்து ஒரு மேஜை போடணும். ஃபைனல் இயர் மாணவன் ஒரு மாசம் ஓபி-யில உட்காரணும், ஹவுஸ் சர்ஜன் கொஞ்சம் கோடு எழுதணும். சக டாக்டர்களே, "எங்க தரவைக் கொடுக்க மாட்டோம்"னு உள்ளூர்ப் பையனை விரட்டிட்டு, வெளிநாட்டு மெயிலுக்கு மட்டும் பல்லைக் காட்டறதை நிறுத்துவோம்.

24/ வெளிநாட்டுக்காரங்க வரக் கூடாதுன்னு நான் சொல்லலை. 1956-ல் வந்தாங்க, நல்லது நடந்தது. வரட்டும். ஆனா போகும்போது இங்கே யாரை விட்டுட்டுப் போறாங்கன்னு கேட்கணும்.

25/ அடுத்த எம்ஓயூ போட்டோ டைம்லைன்ல வரும்போது லைக் போடறதுக்கு முன்னாடி கீழே ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "இதுல எத்தனை நம்ம பசங்க, எத்தனை வருஷம், என்ன கத்துக்கப் போறாங்க?" பதில் வரலைன்னா, அது ஆராய்ச்சி இல்ல, சரக்குப் போக்குவரத்து.